சம்பந்தி எழுதித் தந்த விண்ணப்பம்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி தேவலையா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குறை சொல்கிற தைரியம் எனக்கு ஏது! கடிதம் என்றால் உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பிரிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து நான் ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவேன் என்று, எங்கள் தெருக்கோடியில் இருக்கிற நகராட்சியின் பழைய கிடங்கில் சாயங்கால வேளையில் பெண்களுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். சலவைக் கடைக்காரம்மா, மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், பள்ளி வேன் ஓட்டுகிறவள், இன்னும் பலர். பந்தைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கியவர்கள் இப்போது என்னையே "டீச்சர், நகருங்க" என்கிறார்கள்.

ஆனால் கூரை ஒழுகுகிறது. தரை பிளந்து கிடக்கிறது. போன மாதம் மருந்துக் கடைப் பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நகராட்சியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இந்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிக்கோங்க. இல்லேன்னா பூட்டிடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

பொது விளையாட்டு இடங்களைச் சீரமைக்க அரசாங்கம் மானியம் தருகிறது. போன வருஷம் நானே ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டேன். "விவரம் போதாது" என்று ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இந்த முறை ஏப்ரல் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். நீங்கள் குடிநீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். இப்படிப்பட்ட காகிதங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். எனக்காக எழுதித் தருவீர்களா?

பதில் போட்டால் சந்தோஷம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 25

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல். முழங்கால் முன்போலவே இருக்கிறது. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது எதையும் எழுதுகிற மனநிலையில் இல்லை. விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதற்கென்று உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்கவும்.

மருமகள் நன்றாக இருப்பதாக மகன் சொன்னான். தங்கள் கணவருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாய்

பி.கு.: திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகல் இருந்தால் அனுப்பவும். எதனால் திரும்பியது என்று பார்க்கத்தான். வேறொன்றுமில்லை.


மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரருக்குத்தான் லேசாகச் சளி. உங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார், தும்மிக்கொண்டே.

நகலை இணைத்திருக்கிறேன். சிரிக்கக்கூடாது. சிரித்தாலும் பரவாயில்லை. அன்பு கூர்ந்து, தயவு கூர்ந்து, கருணை கூர்ந்து என்று மூன்று இடத்தில் கூர்ந்திருக்கிறேன். "இது விண்ணப்பமா, காதல் கடிதமா? எனக்குக்கூட நீ இப்படி எழுதினதில்லையே" என்கிறார் இவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு நின்ற இடத்திலேயே செய்கிற ஒரு பயிற்சியை, பொம்மை வரைந்து பின்பக்கத்தில் வைத்திருக்கிறேன். பொம்மை என்னைப் போலவே குண்டாக வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 19

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம். தங்கள் கணவரின் சளி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

விண்ணப்பத்தைப் படித்தேன். சிரிக்கவில்லை. கோபம்தான் வந்தது. "பெண்கள் பலர் பயன்பெறுகிறார்கள்." பலர் என்றால் எத்தனை பேர்? என்ன வயது? எந்த நேரத்தில் வருகிறார்கள்? "கூரை மோசமாக உள்ளது." எந்தப் பக்கம்? படம் எங்கே? கட்டடம் நகராட்சியுடையது என்றால் அவர்களுடைய சம்மதக் கடிதம் எங்கே? சரிசெய்து கொடுத்தபின் பெருக்குவது யார், சாவி வைத்துக்கொள்வது யார்? சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த வாசற்படியை எப்படித் தாண்டுவார்?

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கிடங்கைத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் செருகும் நேரத்தில் உங்கள் காகிதம் அவர் கைக்கு வரும். அவரை எழுப்பி உட்காரவைக்க வேண்டும். கருணை கூர்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

"இந்த இடம் இல்லாமல் போனால் என்ன இழப்பு?" என்ற கேள்விக்கு "மிகுந்த இழப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வருகிறவர்களையே கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

இன்னொன்று. நேராகவே கேட்டுவிடுகிறேன். "அம்மா தனியா உட்கார்ந்திருக்காங்க, ஏதாவது வேலை குடுங்க" என்று என் மகன் சொல்லித்தான் இதை ஆரம்பித்தீர்களா? அப்படியென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வோம். என்மேல் யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

உடல்நலம் பேணவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாய்


மார்ச் 26

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். சளி என்னிடம் வந்துவிட்டது. அவர் பத்திரமாக இருக்கிறார்.

உங்கள் மகன் எதுவும் சொல்லவில்லை. என் மகள்தான் சொன்னாள். "மாமா போனதுக்கப்புறம் அத்தை யாருக்கும் கதவத் திறக்கறதில்லம்மா. போனும் எடுக்கறதில்ல. எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். அது உண்மை. மறைத்துப் பேச எனக்கு வராது.

ஆனால் என் விண்ணப்பம் திரும்பி வந்ததும் உண்மை. கிடங்கைப் பூட்டப் போவதும் உண்மை. உங்களுக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். எனக்கோ ஒரு ஆள் தேவைப்பட்டது. எது முதலில் தோன்றியது என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. வெறும் பரிதாபம் என்றால் பழக்கூடை அனுப்பியிருப்பேன். ஏப்ரல் கடைசியை உங்கள் கழுத்தில் கட்டியிருக்க மாட்டேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்ட விவரமெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. எங்கள் பெண்கள் சொன்னது இது:

பள்ளி வேன் ஓட்டுகிறவள்: "நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டறேன். இங்க வந்து குதிச்சாத்தான் எனக்குக் கால்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் வருது."

மருந்துக் கடைப் பெண், கையில் கட்டோடு: "வீட்ல திட்டறாங்க. கட்டுப் பிரிச்சதும் வருவேன். வரக்கூடாதுன்னா இன்னொரு கையையும் ஒடச்சிக்கறேன்." இதை அரசாங்கத்துக்கு எழுதலாமா?

சலவைக் கடைக்காரம்மா கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் பேச ஆளில்ல. தொண்டையே அடைச்சுப்போன மாதிரி இருந்துச்சு. இங்க பந்து மேல வந்தா 'என்னுது'ன்னு கத்தணும். கத்தலேன்னா ரெண்டு பேர் மோதிக்குவோம். மொத நாள் எனக்குச் சத்தமே வரல. டீச்சர் விடல. மூணாவது நாளோ நாலாவது நாளோ கத்திட்டேன். கத்தினதும் அழுகை வந்துடுச்சு. யாரும் ஏன்னு கேக்கல. அடுத்த பந்தப் போட்டாங்க."

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? பதிலே வரவில்லை. நான் எழுதியது மனதை நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். வாலிபாலில் வேகமாக அடித்துத்தான் பழக்கம். மெதுவாகத் தட்டிக் கொடுக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.

விண்ணப்பத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எப்படியாவது நானே கிறுக்கி அனுப்பிவிடுகிறேன். "நான் நலம்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 20

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம்.

விண்ணப்பம் முழுவதும் தயார். இணைத்துள்ளேன். பென்சிலால் குறியிட்ட இடங்களில் கையெழுத்திடவும். படங்களை வரிசை மாற்றாமல் ஒட்டவும். எதையும் கூர்ந்து சேர்க்க வேண்டாம். மருந்துக் கடைப் பெண் சொன்னதில் பாதியை எடுத்துவிட்டேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். கொஞ்சம் வேலை இருந்தது.

பொம்மை பார்த்துப் பயிற்சி செய்தேன். முழங்கால் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 28

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். உங்கள் நலம் இப்போது வாராவாரம் தெரிகிறது. "அத்தை போன எடுத்தாங்கம்மா!" என்று மகள் எனக்குப் போன் போட்டுக் கத்துகிறாள்.

விண்ணப்பத்தைப் படித்தேன். எங்கள் கிடங்குதானா இது என்று போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சலவைக் கடைக்காரம்மா சொன்னதை முதல் பக்கத்திலேயே வைத்திருந்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்தது.

போன வாரம் விளையாட்டுத் துறையிலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். எல்லாம் அப்படியே இருந்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

"இத எழுதினது யாருங்க?"

"எங்க சம்பந்தி."

"சம்பந்தியா!" என்று என் முகத்தையே பார்த்தார். "பெண்ணக் குடுத்த இடமா, எடுத்த இடமா?"

"குடுத்த இடம்."

"குடுத்து வச்சவங்க நீங்க" என்றார். அவர் வீட்டுச் சம்பந்தி எப்படிப்பட்டவரோ, பாவம்.

இப்போது ஒரு சிக்கல். நகராட்சியின் சம்மதக் கடிதத்தில் முத்திரை சரியாக விழவில்லையாம். புதிதாக வாங்கி, அசலைத் தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டுமாம். அலுவலகம் உங்கள் ஊரில். பிள்ளைகள் இருவரும் இருக்கிற இடத்திலிருந்து உங்கள் ஊர் இன்னும் தூரம். நான் பஸ் பிடித்து வரத் தயார். ஆனாலும் ஒரு வார்த்தை உங்களைக் கேட்கலாம் என்று இவர் சொல்கிறார். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். புதுச் சம்மதக் கடிதத்தை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன், என் பேராசைதான்.

உடம்பு முக்கியம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூலை 5

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். நலம். உங்கள் கணவருக்கு என் நன்றி. பேராசை நல்லதுதான்.

கொடுத்துவிட்டேன். ஒப்புகை இணைத்துள்ளேன்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் நின்று நின்று ஏறினேன். ஒரு சின்னப் பெண் இருக்கையில் இருந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நீங்க அந்த வாலிபால் குழுவுல இருக்கீங்களா, மேடம்?"

"இல்ல."

"அப்ப நீங்க யாரு? எழுதிக்கணும்."

யோசிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளாக என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. "சம்பந்தி" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் அதையே எழுதினாள். பிறகு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். "இந்த ஃபைல் எல்லாரும் படிச்சாச்சு மேடம். அந்த 'என்னுது' அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

திரும்பும்போது பஸ் தாமதம். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா. அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. வெளியே இவ்வளவு வெளிச்சம் இருப்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து பசித்துச் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


செப்டம்பர் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

கிடைத்துவிட்டது! வணக்கம், நலம், நலமறிய ஆவல் எல்லாவற்றையும் இதற்குப் பின்னால் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். கூரைக்கும் தரைக்கும் வாசல் சரிவுக்கும் கழிப்பறைக்கும் மானியம் ஒதுக்கிவிட்டார்கள். விளக்குக்கு மட்டும் இல்லை. அதை இவர் பார்த்துக்கொள்கிறாராம். நாற்பது வருஷம் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர், வீட்டில் ஒரு சுவிட்சைச் சரிபண்ணச் சொன்னால் காது கேட்காது. இப்போது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

உத்தரவைச் சத்தமாகப் படித்தேன். வேன் ஓட்டுகிறவள் என்னைத் தூக்கிவிட்டாள். என் எடை தெரிந்தும் தூக்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சலவைக் கடைக்காரம்மா மட்டும் ஒரு ஓரமாய் நின்று, "எழுதிக் குடுத்தவங்கள நான் பாக்கணும் டீச்சர்" என்றார்.

எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள். என்னைத் திட்டித் திட்டி உதவியவர் நீங்கள் ஒருவர்தான். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நவம்பர் கடைசியில் திறப்பு. பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் வராமல் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


செப்டம்பர் 17

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். நலம். ஏணியில் ஏறுகிறவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

மகிழ்ச்சி. வருகிறேன். மேடையில் ஏற்றக்கூடாது. பேசச் சொல்லக்கூடாது. மாலை மரியாதை எதுவும் கூடாது. ஓரமாக ஒரு நாற்காலி போதும். செலவுக் கணக்குக்கான ரசீதுகளை வாரம் தவறாமல் கோப்பில் வைக்கவும். வந்ததும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


டிசம்பர் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. விளையாடிவிட்டு அப்படியே தூங்காதே.

"நீங்கள்" என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஊர் முன்னால் உன்னை "டி" போட்டுக் கூப்பிட்டவள் காகிதத்தில் மட்டும் மரியாதை காட்டினால் நீயே சிரிப்பாய்.

எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. திறப்பு விழா ஆட்டத்தில் நான் பாட்டுக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். புதுத் தரை பளபளவென்று இருந்தது. ஒருபக்கம் கல்லூரிப் பெண்கள், மறுபக்கம் உங்கள் கூட்டம். பந்து உன் தலைக்கு மேலே போனது. நீ நின்று வேடிக்கை பார்த்தாய். "விடாதடி! பின்னாடி போ, பின்னாடி!" என்று ஒரு சத்தம். கூடமே திரும்பிப் பார்த்தபிறகுதான் கத்தியது நான் என்று புரிந்தது. மருமகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். உன் வீட்டுக்காரருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. என் மகன் தரையில் எதையோ தேடுகிறான். நீயோ பின்னால் ஓடி, விழுந்து, பந்தைத் தூக்கிவிட்டுத் தரையில் கிடந்தபடியே, "சரிங்க சம்பந்தி!" என்றாய்.

அன்று இரவு உன் அறையில் படுத்திருந்தபோது, "எங்க கத்துக்கிட்டீங்க இப்படிக் கத்த?" என்று கேட்டாய். தூங்கிவிட்டதுபோல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அது அவருடைய கத்தல். டிவியில் எந்த ஊர் ஆட்டம் ஓடினாலும் அவர் அப்படித்தான் கத்துவார். பெரிய ஆட்டக்காரர், சின்ன ஆட்டக்காரர் என்று பார்க்க மாட்டார், எல்லோரும் வாடா போடாதான். "அவங்களுக்குக் கேக்கவா போகுது? பக்கத்து வீட்டுக்குத்தான் கேக்குது" என்பேன் நான். ஆனாலும் எழுந்து போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் எல்லா ஆட்டமும் பார்த்திருக்கிறேன். அவர் போன மறுநாள் டிவியைத் துணி போட்டு மூடினேன். வீட்டில் அந்தச் சத்தம் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுகை வரவில்லை, ஆளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, மகனிடம்கூட.

உன் கூடத்தில் அது எனக்குள்ளிருந்து வந்தது. பயமாக இல்லை. அவரை எங்கேயோ தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் டிவியிலிருந்து துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். பிறகு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன், மாலையில் மைதானத்தைத் தெருப் பெண்களுக்கு நடக்கத் திறந்துவிடச் சொல்லி. எத்தனை பேர், எந்த நேரம், யார் பூட்டுவது எல்லாம் எழுதியிருந்தேன். இரண்டே நாளில் சம்மதம் வந்துவிட்டது. மானியம்கூடத் தேவைப்படவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

சலவைக் கடைக்காரம்மாவிடம் என் அன்பைச் சொல். அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பிடித்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது என்று சொல். உன் வீட்டுக்காரர் போட்ட விளக்குகள் நன்றாக எரிகின்றனவா?

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எங்கெங்கோ போய்விட்டது. இதோ, பக்கத்து வீட்டு நர்ஸ் படியில் நின்று சத்தம் போடுகிறாள்: "ஆன்ட்டி, எல்லாரும் கீழ நிக்கறோம்! எழுதறத அப்புறம் எழுதலாம், வாங்க!"

நான் போகிறேன்.

உன் சம்பந்தி